நின்ற பிறகு இரண்டு நிமிடம்

"வூடு வந்தாச்சே நைனா, இன்னும் இன்னாத்துக்கு வண்டி ஓடினு கீது?"

ஒன்பது வயதில் ஜெயக்கொடி கேட்ட கேள்வி அது. பத்து வருடம் கழித்து, அப்பாவுக்குக் கட்டிவிட ஒரு நல்ல வேட்டி எடுப்பதற்காகக் கட்டிலுக்கடியில் கையை விட்டு டிரங்குப் பெட்டியை இழுத்தபோது, அந்தக் கேள்வியும் கூடவே வெளியே வந்தது. பெட்டிக்குப் பின்னால் சாய்ந்திருந்த பச்சை டப்பா ஒன்று சரிந்து அவள் முழங்காலில் இடித்து நின்றதுதான் காரணம். பாதி அளவு இருந்தது. உள்ளே திரவம் சளக்கென்று அசைந்தது. டப்பாவின் கழுத்தில் அப்பா ஒரு துணியை நான்காக மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்திலேயே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன்.

"வேட்டி கெடைச்சுதா கொடி?" என்று வாசலிலிருந்து அம்மா தாயாரம்மாள் கேட்டாள். அழுது முடித்த குரல். அதில் பதற்றம் இல்லை.

பதறுவதற்கு எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒன்றரை மாதமாக நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலிருந்த சுப்பராயலு, அன்று விடிகாலையில் எழுந்து முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, காபி கேட்டார். தாயாரம்மாள் டம்ளரோடு திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் காபியை ஆற்றிக்கொண்டே சிறிது நேரம் நின்றாளாம். அறுபத்திரண்டு வயது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு. கடப்பேரித் தெருவில் அதைக் கேட்டவர்கள், தங்களுக்கும் அப்படியே வாய்க்க வேண்டும் என்று ஒரு நொடி மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் மாலையைப் போட்டார்கள்.

ஜெயக்கொடி வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். டப்பாவை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளவில்லை. சுவரோரம் நிறுத்தி வைத்தாள்.

அந்தக் கேள்விக்கு அப்பா சொன்ன பதில் அவளுக்கு எழுத்து எழுத்தாக நினைவிருந்தது.

"நாம வந்துட்டோம் கொடி. உள்ள ஒண்ணு கீது, அது இன்னும் வந்து சேரல."

குரோம்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த கலீல் பாயிடம் அப்பா டிரைவராக இருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த பாயின் தம்பி, ஊரோடு திரும்பியபோது கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்த டீசல் கார் அது. அதில் டர்போ என்று ஒன்று இருந்தது. பம்பரம் மாதிரி, ஆனால் பம்பரத்தைவிட ஆயிரம் மடங்கு வேகமாகச் சுற்றும் என்று அப்பா சொன்னார். நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் அது நெருப்பாகக் காய்ந்து கிடக்கும். வந்த வேகத்தில் சாவியைத் திருப்பி நிறுத்தினால் அதைக் குளிர்விக்கிற எண்ணெயும் நின்றுவிடும், தண்ணீரும் நின்றுவிடும், தன் சூடே தன்னைத் தின்றுவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டால் ஆறி அடங்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் அப்பா கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொண்டுவந்து சேர்த்ததற்காகக் குன்றத்தூர் முருகனுக்கு நன்றி சொல்வார். பின்சீட்டில் கலீல் பாயும் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். ஒரே வண்டிக்குள் இரண்டு பேர் இரண்டு பெயரைச் சொல்லி ஒரே காரியத்துக்காக நன்றி செலுத்துவதைச் சிறுமியாக இருந்தபோது ஜெயக்கொடி ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்திருக்கிறாள். அவசரக்காரர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் வீண். அவர்கள் இருவருக்கும் அது பயணத்திலேயே நல்ல பகுதியாக இருந்தது.

வாசலில் சாமியானா கட்டியாகிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா மகன் சாம்பசிவன் அவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தபோது குப்புராஜ் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவோடு இருபது வருடம் பழகியவர். வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது.

"முப்பது வருசம் ஸ்டீரிங் புட்ச்சான். ஒரு கோழிக்குஞ்ச அட்ச்சது இல்ல. அந்த ஒரு வாட்டி தண்ணி பாக்காம போனான் பாரு, அதோட வறட்சி ராயலுன்னு பேரு நின்னுச்சு."

"நீதானய்யா வச்ச," என்றார் இன்னொருவர்.

"நான் வச்சேன், ஊரு புட்ச்சுகிச்சு. இன்னைக்குக்கூட ஸ்டாண்டுல, வறட்சி ராயலு போய்ட்டான்னுதான் சொன்னானுங்க. சுப்பராயலுன்னா யாருக்குத் தெரியும்?"

அவர்கள் மெதுவாகச் சிரித்தார்கள். சாவு வீட்டில், செத்தவன் மேல் பிரியம் வைத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. ஜெயக்கொடிக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் சொம்பை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே வந்துவிட்டாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அப்பாவைத் தூக்கிவிடுவார்கள். அந்தப் பெயரோடேயே தூக்கிவிடுவார்கள்.

தண்ணீர் பார்க்காமல் போனது அப்பா. ஆனால் அந்தத் தண்ணீரை மாற்றியது அவள்.

தொண்ணூற்றொன்றாம் வருடம், மே மாதம். அவளுக்குப் பதினோரு வயது. மறுநாள் விடிகாலையில் கலீல் பாய் விழுப்புரம் போகவேண்டும், அவருடைய தங்கை மகளுக்கு நிக்காஹ். அதனால் வண்டியை முதல் நாளே கொண்டுவந்து தெருவில் நிறுத்திவிட்டு, ஒரு சாவுக்காக அப்பா பல்லாவரம் போயிருந்தார். அந்த வாரம் முழுவதும் ஜெயக்கொடி அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது, தேய்த்துக் கழுவ ஒரு பெண் இல்லையா இந்த வீட்டில் என்று. தொட்டியைத் தேய்த்து முடித்த கையோடு, நைனாவின் வண்டியையும் துடைத்து வைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. துடைத்தாள். பிறகு பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைப் புட்டியில் தண்ணீர் பச்சைப்பசேலென்று இருந்தது.

பாசி என்றுதான் நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்?

ரேடியேட்டரின் அடியிலிருந்த சின்னத் திருகைத் திறந்து அப்பா தண்ணீரை வடிப்பதை அவள் ஒருமுறை பார்த்திருந்தாள். அதேபோலத் திறந்தாள். பச்சைத் தண்ணீர் முழுவதும் தெருவோரத்தில் ஓடி வடிந்தது. திருகைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிட்டு, அடிபம்பிலிருந்து இரண்டு குடம் சுத்தமான தண்ணீர் கொண்டுவந்து, முக்காலி போட்டு ஏறி, மேலே ஊற்றினாள். அப்பா வந்ததும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்து தூங்கிப்போனாள். விழித்தபோது வண்டி போயிருந்தது.

பதினோரு வயதுப் பிள்ளையின் விரல் இறுக்கியது எவ்வளவு தூரம் தாங்கும்? சொட்டுச் சொட்டாக வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது. திண்டிவனத்துக்கு முன்னால் வண்டி நின்றது. இன்ஜின் தலைப்பகுதி விரிசல் விட்டுவிட்டது, டர்போ இறுகிப் போய்விட்டது. கலீல் பாய் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்ததாம். சிங்கப்பூரிலிருந்து சாமான் வந்து வண்டி மறுபடி ஓட எட்டு மாதம் ஆனது.

"நாந்தான் தண்ணி பாக்கல," என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். மெக்கானிக்கிடம், ஸ்டாண்டில், பாயின் வீட்டில்.

இரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது ஜெயக்கொடி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அந்தப் பச்சத் தண்ணிய எங்க வுட்ட?" என்று மட்டும் கேட்டார். அவள் இடத்தைக் காட்டினாள். அவரே அடிபம்பு அடித்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளினார்.

"அது பாசி இல்ல கொடி, இன்ஜின் காயாம இருக்க ஊத்தற கூலன்ட்டு. இனிப்பா இருக்கும். நாய் நக்கிச்சுன்னா செத்துடும்," என்றார். "காலைல பானெட்டத் தெறந்து பாக்கறது என் வேல. நான் பாக்கல. நீ போய்ப் படுத்துக்க."

அதோடு சரி. எட்டு வருடத்தில் அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. வறட்சி ராயலு என்று யாராவது கூப்பிட்டால், தன் சொந்தப் பெயரைக் கேட்டதுபோலவே திரும்பிப் பார்ப்பார்.

கலீல் பாயிடம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஜெயக்கொடி முடிவு செய்தாள். அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால். அவருக்குத் தெரிந்தால் போதும். அந்த ஒருவர் மனசிலாவது அப்பாவின் பெயர் சுத்தமாக இருக்கவேண்டும்.

பத்தரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. தெருவில் எத்தனை வண்டி வந்தாலும் அந்த வண்டியின் சத்தத்தை அவளால் பிரித்தெடுக்க முடியும். வேப்பமரத்தடியில் வந்து நின்றது. ஆனால் இன்ஜின் அணையவில்லை. கதவும் திறக்கவில்லை.

ஜெயக்கொடி செருப்புப் போடாமல் போனாள்.

கலீல் பாய் டிரைவர் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா படுத்த நாளிலிருந்து அவரேதான் ஓட்டுகிறார். தாடி முழுவதும் நரைத்துவிட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

"பாய் மாமா."

"வாம்மா. அவரு இருந்தா ரெண்டு நிமிஷம் ஆகாம எறங்க விட மாட்டாரு," என்றார். "இன்னைக்கு மட்டும் எப்படி எறங்கறது?"

அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இன்ஜின் ஓடுவது விரல்களில் அதிர்ந்தது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னாள். தொட்டியின் பாசி, புட்டியின் பச்சை, திருகு, இரண்டு குடம் தண்ணீர். ஒன்றையும் விடவில்லை.

"நைனா மேல இருக்கற பேர எறக்கணும் மாமா. எறக்காம அனுப்பக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

முன்கண்ணாடியில் வேப்பம்பூ ஒன்றிரண்டு விழுந்து கிடந்தது. கலீல் பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் காலைல அவரு பானெட்ல கை வச்சாரும்மா," என்றார் பிறகு. "தெறக்கப் போனாரு. நான்தான் நேரமாச்சு, விடு, போலாம்னேன். மதுராந்தகம் தாண்டினதும், சூடு காட்டற முள்ளு ஏறுது பாய், நிறுத்திப் பாக்கணும்னாரு. ஓட்டு, அங்க போய்ப் பாத்துக்கலாம்னு நான் சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். வண்டி நின்னப்புறம், பாக்காதது என் தப்புன்னு அவரு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. நான் வாயத் தெறக்கல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டார்.

"அஞ்சு வேளை தொழுவுறேன். இத மட்டும் எட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. உன்னோட பங்கு ரெண்டு கொடம் தண்ணி. என்னோடது இருபது மைலு."

"நான் போய் அவங்ககிட்ட..."

"நீ சொல்ல வேணாம் கண்ணு. உன்னோடத உங்கப்பா அன்னைக்கே முடிச்சுட்டாரு. என்னோடத நான் சொல்லிக்கறேன்." கடிகாரத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. இறங்கும்போது, ஏதோ இப்போதுதான் நினைவு வந்தவர்போல, "ஒண்ணரை மாசமா நான் பானெட்டையே தெறக்கலம்மா. எல்லாம் அவருதான பாப்பாரு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாமியானாவுக்குள் டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். கலீல் பாய் பெஞ்சின் மேல் கிடத்தப்பட்டிருந்த அப்பாவின் கால்மாட்டில் போய் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு நாற்காலிகளின் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், விழுப்புரம் போன அந்தக் காலையில் நடந்ததைச் சொன்னார். பானெட்டில் வைத்த கையை எடுக்கச் சொன்னதையும், முள் ஏறுகிறது என்று சொன்னதைக் கேட்காததையும். குடத்தைப் பற்றியோ திருகைப் பற்றியோ ஒன்றும் இல்லை. தன் பங்கை மட்டும் சொன்னார்.

"சுப்பராயலு தண்ணி பாக்காம வண்டிய எடுக்கற ஆளு இல்ல," என்று முடித்தார். "நான்தான் பாக்க விடல."

சாமியானாத் துணி காற்றில் ஒருமுறை உப்பித் தணிந்தது. குப்புராஜ் கையிலிருந்த சோடாவைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேடா, பாவி," என்றார் மெதுவாக. பிறகு, "சுப்பராயலு" என்றார். ஒரு பெயரைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி.

தாயாரம்மாள் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ஜெயக்கொடி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் தூக்கினார்கள். சாம்பசிவன் கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். சங்கும் சேகண்டியும் ஒலித்தன. பாடையைத் தெருமுனைவரை தூக்கியவர்களில் கலீல் பாய் ஒருவர், எதிர்ப்பக்கம் குப்புராஜ். உயரம் ஒத்துவராமல் குப்புராஜ் கொஞ்சம் எக்கி நடந்தார். திருப்பத்தில் அப்பாவின் கால்கள் கடைசியாகத் தெரிந்தன. பிறகு பூ இறைந்த தெரு மட்டும் இருந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். உள்ளே தண்ணீர் வாரியிறைக்கிற சத்தமும் துடைப்பத்தின் சத்தமும் கேட்டன. முதலில் குளிக்கச் சொல்லி அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். ஜெயக்கொடி பச்சை டப்பாவையும் தண்ணீர்க் கேனையும் ஒரு பிளாஸ்டிக் மக்கையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கண்ணாடி இறக்கியபடியே இருந்தது. உள்ளே கைவிட்டு, பானெட் பூட்டை விடுவிக்கிற பிடியை இழுத்தாள். பானெட்டைத் தூக்குமுன் புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது.

வெள்ளைப் புட்டியில் பச்சை, கீழ்க்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே போயிருந்தது. மக்கில் டப்பாவிலிருந்து பாதி, கேனிலிருந்து பாதி ஊற்றிக் கலந்தாள். அப்பா அப்படித்தான் கலப்பார், மூன்றில் ஒன்று என்று குறைத்துச் சிக்கனம் பிடிக்க மாட்டார். நான்காக மடித்த துணியை மூடியின் மேல் போட்டுத் திருகித் திறந்தாள். மெல்லிய தாரையாக ஊற்றினாள். பச்சை ஏறி ஏறி மேல்கோட்டைத் தொட்டது. நிறுத்தினாள். மூடியைத் திருகினாள்.

பிறகு தெருவில் மண்டியிட்டு, அடியில் கையை விட்டு அந்தச் சின்னத் திருகைத் தேடினாள். விரல்களுக்கு அது அகப்பட்டது. இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, ஏற்றுமதிக் கம்பெனியில் நாள் முழுக்கத் தைக்கிற கை. பலமாகத் திருப்பிப் பார்த்தாள். அது அசையவில்லை. அப்பா இறுக்கியது.

சிறிது நேரம் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

எழுந்தபோது, ஊற்றுகையில் சிந்திய இரண்டு சொட்டு மண்ணில் பச்சையாகத் தெரிந்தது. தெருநாய் ஒன்று, காலையிலிருந்து சாமியானாவைச் சுற்றிக்கொண்டிருந்த செம்பட்டை நாய், மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. ஜெயக்கொடி அதைக் காலால் தள்ளிவிட்டுப் போய், அடிபம்பில் இரண்டு குடம் அடித்துக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றினாள். கையால் மண்ணை வாரி மேலே மூடினாள். பானெட்டைச் சத்தமில்லாமல் உள்ளங்கையால் அழுத்திச் சாத்தினாள்.

நாய் ஈர மண்ணை மோந்து பார்த்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வண்டியின் நிழலில் போய், இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, படுத்துக்கொண்டது.